விழப்போகும் பல்லுக்கு எதற்கு மருந்து?



பாலர் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையின் பையில் ஒரு நாள் ஒரு தாள் இருக்கும். பல் மருத்துவக் குழு வருகிறது, பிள்ளையின் பல்லில் புளோரைட் வார்னிஷ் பூசப் பெற்றோருக்குச் சம்மதமா என்று அதில் கேட்டிருப்பார்கள். "ஏம்மா, விழப்போற பால் பல்லுக்கு எதுக்கு மருந்து?" என்பார் பாட்டி. "வார்னிஷா? மேசை நாற்காலிக்கு அடிக்கிறதுதானே?" என்று அப்பா சிரிப்பார். தாள் குளிர்பெட்டியின் மேல் போய்க் கிடக்கும். கையெழுத்துப் போட வேண்டிய நாளும் கடந்துவிடும்.

பாட்டியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். முன் பற்கள் ஆறேழு வயதில் விழும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் இருக்கும் கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. நான்கு வயதில் அதில் சொத்தை விழுந்தால், பிள்ளை இன்னும் ஆறேழு வருடம் அந்தப் பல்லோடுதான் சோறு மெல்ல வேண்டும். சீக்கிரமே பிடுங்கிவிட்டாலோ, பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் முளைக்க வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமிருக்காது. வேர் வரை சீழ் பிடித்தால், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கே கேடு வரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாக மெல்லும், சாப்பாட்டைத் தள்ளிவிடும், இரவில் காரணமில்லாமல் அழும். "அடம் பிடிக்கிறான்" என்று அதற்கு அடியும் விழும். மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 71 பேர் பால் பற்களில் சொத்தையோடு இருந்தார்கள். இவர்களில் சிலர், பல பற்களை ஒன்றாகப் பிடுங்க வேண்டி, மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை மேசையில் படுக்கவைக்கப்படும் நிலைக்கும் போகிறார்கள்.

சொத்தை எப்படி விழுகிறது? சீனி கலந்த எதைச் சாப்பிட்டாலும் வாயிலுள்ள கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை விடும். அந்த அமிலம், பல்லின் மேல் ஓடான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்கும். எச்சில் அதை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான் கணக்கு. போனது அதிகமானால் முதலில் தெரிவது ஓட்டையல்ல. ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதைப் போன்ற ஒரு வெள்ளைக் கோடு.

இன்றிரவு பிள்ளையின் மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கீழ் முன் பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றும். மேல் முன் பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. மைலோவோ டின் பாலோ ஊற்றிய புட்டியை வாயில் வைத்துக்கொண்டே பிள்ளை தூங்கினால், எச்சிலும் குறைந்துபோன அந்த நேரத்தில், அடி முதலில் விழுவது மேல் முன் பற்களில்தான். வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அது பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் வார்னிஷ் அதை அடைக்காது. வேறு சிகிச்சைதான் தேவைப்படும். ஆகவே இந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய காலம், பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும் காலம்தான்.

புளோரைட், சுண்ணாம்புச் சத்து பல்லுக்குத் திரும்பும் வேலையை விரைவுபடுத்துகிறது. அப்படிச் சீரான இடம் அமிலத்தை முன்பைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வாயில் வைப்பது எதுவும் எச்சிலோடு போய்விடுமே! அதற்கு 1960-களில் ஜெர்மனியில் ஒரு வழி கண்டார்கள். பைன் மரப் பிசினில் புளோரைட்டைக் கலந்து பூசினால், எச்சில் பட்டதும் பூச்சு இறுகிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரம் ஒட்டியிருந்து மருந்தைப் பல்லுக்குள் இறக்கும். வார்னிஷ் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. மேசைக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான்!

பூசுவதற்கு இரண்டொரு நிமிடம் போதும். சின்னப் பிள்ளையானால், அம்மாவும் பல் சிகிச்சையாளரும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். பிள்ளையின் கால்கள் அம்மாவின் இடுப்பைச் சுற்றியிருக்கும், தலை சிகிச்சையாளரின் மடியில் இருக்கும். துணியால் பல்லைத் துடைத்து, சிறு தூரிகையால் தடவிவிடுவார்கள். ஊசியும் இல்லை, துளையிடும் கருவியும் இல்லை. பிள்ளை அழுதாலும் கெடுதல் இல்லை, வாய் திறந்திருக்கும்!

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பினாங்கில் 1949-ஆம் ஆண்டிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியர்களைப் பயிற்றுவித்து வருகிறார்கள். இன்று அவர்களுக்குப் பல் சிகிச்சையாளர் என்று பெயர். 'பல் மிஸி' வருகிறார் என்றாலே கழிவறையில் போய் ஒளிந்துகொண்ட தலைமுறை இன்று அப்பா அம்மாவாக இருக்கிறது. அந்தப் பழைய பயமும் சில சமயம் இந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. துளையிடுவதைத் தவிர்ப்பதற்காகவே வந்த மருந்துக்கு இப்படி ஒரு வரவேற்பு.

"புளோரைட் விஷமாமே" என்ற பேச்சும் கைத்தொலைபேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அளவு மீறினால் கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைட் மிகுந்து, பற்கள் கறைபட்டு, எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அதற்காகவே ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அது அந்த நீரை வருடக் கணக்கில் குடித்ததால் வந்த வினை. சின்னப் பிள்ளையின் பற்கள் முழுவதற்கும் பூசும் வார்னிஷ் கால் மில்லிலிட்டர்தான். அதிலுள்ள புளோரைட் 6 மில்லிகிராமுக்கும் குறைவு. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது மருத்துவக் கணக்கு. 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 60 மில்லிகிராம். பார்க்கப்போனால், பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கும் பற்பசைக் குழாய்க்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பூசலாம் என்றும் சொல்வதற்கில்லை. பிசின் ஒவ்வாமை உள்ளவர்கள், வாயில் புண் உள்ளவர்கள், கடுமையான ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் ஆகியோரின் விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாளில் அதற்கென்று இடமிருந்தால் வெறுமையாக விடாதீர்கள்.

பலன் எவ்வளவு? பல நாடுகளின் 22 ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியான மதிப்பீட்டின்படி, வார்னிஷ் பூசிய பிள்ளைகளின் பால் பற்களில் சொத்தை சராசரியாக 37 விழுக்காடு குறைந்தது. நிரந்தரப் பற்களில் 43 விழுக்காடு. ஆனால் பிறகு வட அயர்லாந்தில் சொத்தையே இல்லாத இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்தபோது இவ்வளவு வேறுபாடு தெரியவில்லை. வார்னிஷும் பற்பசையும் கொடுத்த பிள்ளைகளில் 34 விழுக்காட்டினருக்குச் சொத்தை வந்தது, கொடுக்காதவர்களில் 39. சொத்தை வந்தவர்களுக்குப் பாதிப்பு மட்டும் குறைவாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. வருடத்தில் இரண்டு முறை பூசும் மருந்து, வருடத்தின் 365 இரவும் வாயிலிருக்கும் புட்டியோடு மல்லுக்கட்ட முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. இரவில் தூங்கவைக்கும்போது புட்டியில் வெறும் தண்ணீர் போதும். மூன்று வயது வரை அரிசி மணியளவு பற்பசை, அதற்கு மேல் பட்டாணியளவு. பற்பசையில் 1,000 பிபிஎம் புளோரைட் உண்டா என்று அட்டையைப் படித்து வாங்குங்கள். 'மூலிகை', 'இயற்கை' என்று விற்கப்படும் சிலவற்றில் அது அறவே இருப்பதில்லை. துலக்கியதும் துப்பச் சொன்னால் போதும், வாய் கொப்பளிக்கத் தேவையில்லை. வீட்டில் ஆர்.ஓ. வடிகட்டி இருந்தால், குழாய் நீரில் அரசு கலக்கும் புளோரைட்டின் பெரும்பகுதியை அது எடுத்துவிடும். அதையும் பல் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

வார்னிஷ் பூசிய அன்று பிள்ளையின் பல் சற்று மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அன்று முழுவதும் சூடில்லாத, மென்மையான உணவாகக் கொடுங்கள். முறுக்கும் கடலையும் மறுநாளைக்கு. அன்றிரவு மட்டும் பல் துலக்க வேண்டாம். காலையில் பசியாறுவதற்கு முன் துலக்கினால் மஞ்சள் போய்விடும். அடுத்த முறை ஆறு மாதம் கழித்து. சொத்தை வரும் வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளையென்றால் மூன்று மாதத்திலேயே கூப்பிடுவார்கள். கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.