கித்துள் மரமும் நாமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு மரத்தைப் பற்றி. நோயும் கொஞ்சம் வரும்.

வடக்கு ஐரோப்பாவில் பனி உருகும் காலத்தில் பூர்ச்ச மரத்தைத் துளைத்துச் சாறு எடுப்பார்கள்; பட்டையில் கூடை முடைவார்கள். காஷ்மீரில் அதன் பட்டையிலேயே ஏடு எழுதினார்கள். சபரகமுவையில் நமக்கு அப்படி வாய்த்தது கித்துள். கேகாலை மாவட்டத்தில் கித்துல்கல என்று ஓர் ஊரே அதன் பெயரைச் சுமக்கிறது.

பூங்குலையைச் சீவிச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சினால் கருப்பட்டி. தண்டின் உட்சோறு மாவாகும். மட்டையடித் தும்பு தூரிகையாகும். வைரம் பாய்ந்த வெளித்தண்டு கூரைக்குக் கைமரம். குடைந்தால் தண்ணீர்ப் பீலி. இலை யானைக்குத் தீனி. பூங்குலைகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாக வரும். கடைசிக் குலையோடு மரமும் பட்டுவிடும்.

இனி வைத்தியராக மூன்று விஷயங்கள்.

ஒன்று: "டொக்டரம்மா, சீனியை விட்டுட்டேன், இப்ப கருப்பட்டிதான்" என்று நீரிழிவுக்காரர் பலர் பெருமையோடு சொல்வார்கள். பாணியிலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியிலும் அதுவேதான். சாயத்தண்ணியோடு கடிக்கும் கருப்பட்டியையும் சீனிக் கணக்கிலேயே சேருங்கள்.

இரண்டு: இதன் தாவரவியல் பெயர் கரியோட்டா யூரன்ஸ். யூரன்ஸ் என்றால் எரிப்பது. பழச் சதையில் ஊசி போன்ற ஒக்சலேட் படிகங்கள் உண்டு. தொட்டால் அரிக்கும், வாயில் வைத்தால் எரியும். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

மூன்று: மரமேறி ஒருவர் விழுந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஆட்டோவில் மடித்து ஏற்றாதீர்கள். அம்புலன்ஸை அழையுங்கள். அது வர வழியில்லாவிட்டால் கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் கிடத்திக் கொண்டு வாருங்கள். முதுகுத்தண்டு முறிந்தவரைத் தவறாகத் தூக்கினால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்து போகலாம்.

இத்தனை பயனுள்ள மரத்தை நம் லயத்து ஓரங்களில் நட்டு வளர்த்தவர்கள் குறைவு. அது சோம்பல் அல்ல. கித்துள் பூக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். வாசலில் கீரையும் மிளகாயும் போடலாம், சில மாதங்களுக்குள் பறிக்கலாம். காணி உறுதி இல்லாதவர் பதினைந்து ஆண்டு கழித்துப் பலன் தரும் மரத்தை யாருக்காக நடுவார்? பல தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு மரத்தை "என்னுடையது" என்று சொல்ல முடியாமல் இருப்பதும் ஒரு நோய்தான். அதற்கு மருந்து என் பையில் இல்லை. காணி உறுதியில் இருக்கிறது. இன்று ஆசிரியைகளாகவும் சட்டத்தரணிகளாகவும் அதிகாரிகளாகவும் இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள் அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். பாடசாலை நிலம் நம் பிள்ளைகளுக்கென்றே உள்ள நிலம். மைதானத்துக்கு அப்பால், பிள்ளைகள் விளையாடாத சரிவில், இந்த நூற்றாண்டின் நினைவாகச் சில கித்துள் கன்றுகளை நடுவோம். இவ்வருடம் முதலாம் தரத்தில் சேர்ந்த சின்னத் தங்கைமார் உயர்தரப் பரீட்சை எழுதும் காலத்தில் அவை பூக்கத் தொடங்கலாம். அவர்களுக்குள் ஒருத்தியாவது சொந்தக் காணியில் இன்னொரு கன்றை நடும் நிலை வரட்டும்.