குறித்த நாளில் முடியாத வீடு

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது முதுமொழி. முன்னாளில் வீடு கட்டுபவர் மேசனின் அருகிலேயே நின்றார். சுவர் அவர் கண்முன் உயர்ந்தது. இன்றோ வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிலம் அரிதாகிவிட்டது. வீடுகள் மாடிமேல் மாடியாக எழுகின்றன. வாங்குபவர் வரைபடத்தைப் பார்த்துப் பணம் செலுத்துகிறார், கட்டுபவர் வேறொருவர்.

கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு வாழும் ஒரு குடும்பம், ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தையும் நகை விற்ற பணத்தையும் திரட்டி, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டியது எனக் கொள்க. குறித்த நாள் கடந்து 14 மாதங்களின் பின்னரே திறப்பு கைக்கு வருகிறது. மாத வாடகை 60,000 ரூபா எனின், வீணாகச் சென்றது 8 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. இந்த இழப்பை யார் ஏற்பது?

இத்தகைய வினாவுக்கு விடை கூறும் நீதிமன்றங்கள் புதுக்கடையில் உள்ளன. அவ்விடத்தின் மற்றொரு பெயராகிய ஹல்ஸ்டோர்ப், 1656இல் கொழும்பு முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்துத் தளபதி ஹல்ப்ட் என்பவரின் பெயரால் வந்தது. ஒல்லாந்தர் விட்டுச் சென்றது பெயரை மட்டுமன்று. அவர்தம் உரோம-டச்சுச் சட்டமே இன்றும் இந்நாட்டு ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாகும்.

அச்சட்டத்தின்படி, உடன்படிக்கையில் நாள் குறித்திருந்தால், அந்த நாள் கடந்ததுமே கட்டுநர் தவறியவராகிறார். நாள் குறிக்கப்படாவிடின், நியாயமான தவணை கொடுத்து முதலில் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அதனைப் பதிவுத் தபாலில் அனுப்புவதே நலம். ‘விரைவில் முடியும்’ என்னும் இனிய சொல்லை நம்பியவர் முதற்படியிலேயே பின்தங்கிவிடுகிறார்.

அடுத்தது, எந்த இழப்பைக் கேட்கலாம் என்பது. 1854இல் இங்கிலாந்தில் ஒரு வழக்குத் தீர்ந்தது. மாவாலை ஒன்றின் அச்சுத்தண்டு முறிந்தது. அதனைச் சுமந்து செல்ல ஏற்றவர் தாமதித்தார். ஆலை மேலும் சில நாட்கள் நின்றது. ஆனால் தண்டு இல்லாமல் ஆலை ஓடாது என்னும் நிலைமை அவருக்கு முன்னரே உணர்த்தப்படவில்லை எனக் கூறி, இலாப இழப்பை நீதிமன்றம் வழங்க மறுத்தது. இதிற் பெறும் பாடம் எளிது. வாடகை வீட்டில் இருப்பதையும், இன்ன நாளில் குடிபுக எண்ணியிருப்பதையும் உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தல் வேண்டும். வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் வங்கி வட்டிக் கணக்கையும் பேணுதல் வேண்டும். மனவேதனைக்கு ஒப்பந்தச் சட்டம் பொதுவாக விலை கூறுவதில்லை, கணக்கிற்கே கூறும்.

தாமதத்துக்கு மாதம் இவ்வளவு என முன்கூட்டியே எழுதிக்கொள்வதும் உண்டு. அதுவும் இழப்புக்கு ஏற்ற அளவாக இருத்தல் நன்று. அளவு கடந்த தண்டத்தை நீதிமன்றம் அப்படியே ஏற்காது.

கட்டுநர் பக்கத்து நியாயத்தையும் மறத்தலாகாது. 2020இல் ஊரடங்கு வந்தது. 2022இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். சீமெந்தின் விலை ஏறியது. வேலை செய்யவே இயலாத நிலை தக்க காரணமாகலாம்; விலையேற்றம் மட்டும் ஆகாது. 2021இலேயே முடிக்கவேண்டியதை முடிக்காதவர், அடுத்த ஆண்டின் இடரைக் காட்டித் தப்புவதும் எளிதன்று. அவ்வாறே, தவணைப்பணத்தைத் தாமே பிந்திக் கட்டியவரும், இடைநடுவில் வரைபடத்தை மாற்றியவரும் தம் கோரிக்கையைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

காலமும் காத்திராது. 1871ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தமாயின் 6 ஆண்டுகளுக்குள்ளும், வாய்ப்பேச்சாயின் 3 ஆண்டுகளுக்குள்ளும் வழக்கிடல் வேண்டும். பிணக்கு நடுத்தீர்ப்புக்குச் செல்லும் என உடன்படிக்கை கூறினால், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வழியே செல்ல நேரும்.

அயல்நாடாகிய இந்தியாவில், 2016இல் இயற்றப்பட்ட சட்டம் இச்சுமையைப் பெரிதும் இலகுவாக்கியது. குறித்த நாளில் வீடு கிடையாதவர் விலகிப் பணத்தை வட்டியுடன் பெறலாம். விலகாது காத்திருப்பவர், வீடு கையளிக்கப்படும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம்.

கொழும்பில் வீடு வாங்குவோருக்கோ தமது உடன்படிக்கையே முதற் காவல். கையெழுத்திடும் அந்த அரைமணி நேரத்தில் முடிவுநாள் எங்கே, தாமதத்துக்குத் தொகை எவ்வளவு, கையளித்தல் என்பது திறப்பைத் தருவதா, மாநகர சபையின் சான்றிதழும் கூடவா எனச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்தால், பிற்காலத்தில் புதுக்கடைப் படிகளை ஏறும் துன்பம் பெரிதும் குறையும். வீட்டுக்கு அத்திவாரம் மண்ணில் இடப்படுமுன் தாளில் இடப்படுகிறது.