காரணம் எது?



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. காக்கை உட்கார்ந்தது, உடனே பழம் விழுந்தது. அதனால் காக்கைதான் பழத்தை வீழ்த்தியது என்று சொல்லிவிடலாமா? பழுத்த பழம் விழவேண்டிய வேளையில் காக்கை வந்திருக்கலாம் அல்லவா?

ஸ்காட்லாந்து நாட்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1739-இல் வெளிவந்த தமது நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். ஒன்றன்பின் ஒன்று நடப்பதையே நம் கண் காண்கிறது. இரண்டையும் பிணைக்கும் கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. பலமுறை பார்த்த பழக்கத்தால் நம் மனமே முடிச்சுப் போடுகிறது என்பது அவர் கருத்து.

இது வெறும் ஏட்டுப் படிப்பு என்று எண்ணவேண்டாம். முடிச்சைத் தவறாகப் போட்டால் உயிரே போகலாம். சதுப்பு நிலத்தருகே வாழ்ந்தவர்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று முற்காலத்தில் நம்பினார்கள். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். சதுப்பில் பிறந்த கொசுதான் நோயைச் சுமந்து வந்தது என்பது பின்னர் உறுதியாயிற்று.

1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சல் குறைந்தது. கடலோரத் தோட்டங்களில் காட்டை அழித்துக் கால்வாய் வெட்டியபோதும் குறைந்தது. அப்படியானால் காட்டை வெட்டுவதே மருந்தா? மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் பெருகியது! காரணம், கடலோரக் கொசு நிழல்நீரில் முட்டையிடும். மலைக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். அங்கே ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டும், எண்ணெய் தெளித்தும் கொசுவைத் தடுக்கவேண்டியிருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், "காலையில் வந்துபோன பக்கத்து வீட்டம்மாவின் கண்பட்டது" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அந்த அம்மா போகாத வீட்டிலும் காய்ச்சல் இருக்கிறதா? போன வீட்டில் எல்லாம் வந்ததா? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டாலே வீண்பழி விலகும், உறவும் கெடாது.

டிங்கிக் கொசு நம் வாளியிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரில்தான் வளர்கிறது. அந்நீரைக் கொட்டுவோம். காய்ச்சல் கண்ட பிள்ளையைக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்வோம்.