விருந்தினராய்ச் செல்வோரும் விஸாவும்
(திருவந்திபுரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேவநாதன் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்ட நம் பெண்மக்களுட் சிலர் இன்று அமெரிக்காவில் குடித்தனம் நடத்துகின்றனர். பிரசவ காலத்தில் தாயார் உடனிருக்க வேண்டுமென்று செய்தி வந்ததும் நாம் விமானக் கட்டணத்தை விசாரிக்கின்றோமேயன்றி, அந்நாட்டிற் புகுதற்கும் தங்குதற்கும் உரிய நிபந்தனைகளை விசாரிப்பதில்லை.

முன்னாளில் இக்கவலை இல்லை. 1914-இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் வழியே இலங்கை சென்ற தமிழர், மண்டபம் முகாமில் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட்டதுண்டு. விஸா என்பதை அறியார். இலங்கையில் 1948-இல் இயற்றப்பெற்ற குடிவரவுச் சட்டம் 1949 நவம்பர் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதன்பின் அங்கே நெடுங்காலம் கடை வைத்திருந்தவர்களும் தற்காலிக வாசச் சீட்டுப் பெற்று, தவணை தோறும் புதுப்பிக்க வேண்டியவராயினர். வீட்டுக்காரர் விருந்தினரானார் என்றே சொல்லலாம்!

அமெரிக்கச் சட்டமோ இன்னும் கடுமையானது. விருந்தினராக வர விண்ணப்பிப்பவர் அங்கேயே குடியேறிவிடுவார் என்று அது முதலிலேயே கருதிக்கொள்கின்றது. அன்று என மெய்ப்பிக்கும் பாரம் விண்ணப்பிப்பவரையே சார்ந்தது. சென்னைத் துணைத் தூதரகத்தில் நிலம், வீடு, ஓய்வூதியம், இங்குள்ள மக்கள் ஆகியவற்றைப் பற்றி வினவுவது இதன்பொருட்டே. அதனை அவமதிப்பாகக் கொள்ளற்க. கேட்டதற்கு மட்டும் உள்ளபடி விடை கூறுக. தரகர் பேச்சைக் கேட்டுப் பொய்ப் பத்திரம் காட்டுவோர்க்கு ஆயுள் முழுதும் தடை நேரக்கூடும்.

இனி, நம்மவர் பெரிதும் மயங்குமிடம் ஒன்றுண்டு. பாஸ்போர்ட்டில் ஒட்டப்பெறும் விஸாவில் பத்தாண்டுத் தவணை கண்டவுடன், பத்தாண்டு தங்கலாம் என எண்ணுகின்றனர். விஸா என்பது அந்நாட்டு வாயில் வரை சென்று, உள்ளே விடுமாறு கேட்டற்குரிய சீட்டு மட்டுமே. உள்ளே விடுவதும், எத்துணை நாள் என வரையறுப்பதும் விமான நிலையத்திலுள்ள அதிகாரியின் கையில் உள்ளன. பெரும்பாலும் ஆறு மாதம் தருவர். அந்நாள் ஐ-94 என்னும் பதிவில் இருக்கும். விஸாவின் தவணை இடையே முடியினும் கேடில்லை. இந்நாள் கடப்பதே கேடு.

கடந்தால் அந்த விஸா செல்லாததாகும். 180 நாளுக்கு மேல் தங்கி, ஓராண்டு நிரம்புமுன் வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் பத்தாண்டும் மீளப் புக இயலாது. பேரக்குழந்தையைப் பிரிய மனமின்றி இருநூறு நாள் மிகுதியாகத் தங்கிய பாட்டியார், திரும்பி வந்தபின் மூன்றாண்டு அக்குழந்தையைக் காண அங்கே செல்லவியலாது. நோய் முதலியவற்றால் தங்க நேரின், அந்நாள் முடியுமுன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தல் வேண்டும். ஊதியத்திற்கு எவ்வேலையும் செய்தலாகாது.

ஆதலின் சென்று இறங்கிய மறுநாளே, மகளையோ மருமகனையோ கொண்டு அப்பதிவைக் கணினியில் எடுப்பித்து, அதிலுள்ள நாளைக் குறித்து வைத்து, அதற்கு இரு வாரம் முன்னதாகத் திரும்பும் பிரயாணத்தை அமைத்துக்கொள்க.