புயலும் நல்ல நேரமும்

(செங்கல்பட்டுப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



புயலைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் நான் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் விஞ்ஞானி அல்ல. காற்றை அளக்கும் கருவியைக் கையால் தொட்டவனும் அல்ல. படித்ததையும் கேட்டதையும் என் புத்திக்கு எட்டியமட்டில் யோசித்து உங்களிடம் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்.

“ராக்கெட் விடுவது ஸ்ரீஹரிகோட்டாவில், நாம் இருப்பது செங்கல்பட்டில், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் மாண்டஸ் புயல் வந்ததே, அது புதுச்சேரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே, மாமல்லபுரத்தை ஒட்டி, 9-ந் தேதி நள்ளிரவு வாக்கில் கரையைக் கடக்கும் என்று வானிலை இலாகா முன்கூட்டியே சொல்லிற்று. சொன்னபடியே அன்று இரவு மாமல்லபுரத்துக்கு அருகில் கடந்தது. 2012-ல் அக்டோபர் 31-ந் தேதி நீலம் புயலும் அந்தப் பக்கம்தான் கரை ஏறிற்று. ஆகவே நம் கடற்கரையும் ராக்கெட் விடுகிற அந்தத் தீவும் ஒரே புயலுக்குக் கதவைச் சாத்தவேண்டிய பக்கத்து வீடுகள். அன்றியும், நம் ஜில்லாவிலேயே 2023 பிப்ரவரி 19-ந் தேதி பட்டிபுலத்திலிருந்தும், 2024 ஆகஸ்டு 24-ந் தேதி திருவிடந்தையிலிருந்தும் சிறிய ராக்கெட்டுகள் விடப்பட்டன. கலியாணம் ஆகவேண்டுமென்று மாலை சாத்திச் சுற்றுகிற திருவிடந்தையில் ராக்கெட்டும் கிளம்பிற்று என்றால் காலம் எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள்.

சரி, புயல் வந்தால் ராக்கெட் ஏன் நிற்கவேண்டும்? “வானத்தையே துளைத்துக்கொண்டு போகிற சாமானுக்குக் காற்று ஒரு பொருட்டா?” என்று கேட்கத் தோன்றும். நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 44 மீட்டர் உயரம், ஏறக்குறைய 320 டன் எடை. மூன்று தென்னையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். அதை அடுக்கடுக்காகப் பூட்டுகிறவர்கள் மனிதர்கள். அந்த உயரத்தில் நின்று, காற்று அடிக்கையில் வேலை செய்ய முடியாது, பாரந்தூக்கியும் அசையக்கூடாது. புலிக்காட் ஏரியைக் கடந்து தீவுக்குப் போகிற ரோட்டிலும் சாமான் வரவேண்டும். இவற்றில் ஒன்று தடைப்பட்டால் மற்றதெல்லாம் தடைப்படும்.

இவ்வளவும் தரையில். மேலே போனால் ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில், ஒவ்வொரு வேகத்தில் அடிக்கிறது. அதனால் விடுவதற்கு முன் பலூன்களை அனுப்பி மேல்காற்றை அளக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ராக்கெட் எப்படிச் சாய்ந்து போகவேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். எல்லாவற்றையும்விட ஆபத்து மின்னல். மேகத்தில் மின்சாரம் சேர்ந்திருக்கும்போது ராக்கெட்டும் அதன் பின்னால் நீளும் நெருப்பும் புகையும் சேர்ந்து ஒரு நீண்ட கம்பி மாதிரி ஆகிவிடுகின்றன. தானாக விழாத மின்னலைக்கூட அது வருவித்துக்கொள்ளும்.

இது கற்பனை அல்ல. 1969 நவம்பர் 14-ந் தேதி அமெரிக்காவில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு சந்திரனுக்குக் கிளம்பிய அப்போலோ 12-ஐ முதல் ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு தடவை மின்னல் தாக்கிற்று. எப்படியோ பிழைத்தார்கள். 1987 மார்ச்சு 26-ந் தேதி ஓர் அட்லாஸ் ராக்கெட்டுக்கு அந்த யோகமும் இல்லை. மின்னல் பட்டு அதன் கம்ப்யூட்டர் தடுமாறி, ராக்கெட்டே நாசமாயிற்று. அதற்குமேல் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். 2022 செப்டம்பரில் இயன் புயல் வருகிறதென்றதும், சந்திரனுக்கு விட நிறுத்தியிருந்த ஆர்ட்டெமிஸ் ராக்கெட்டை மேடையிலிருந்து மறுபடி கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டார்கள். நவம்பர் 16-ந் தேதிதான் அது கிளம்பிற்று. யாரும் அதை அவமானம் என்று நினைக்கவில்லை.

நம் தேசத்துச் சங்கதிக்கு வருவோம். 2013-ல் செவ்வாய்க் கிரகத்துக்கு மங்கள்யானை அனுப்ப அக்டோபர் 28-ந் தேதி குறித்தார்கள். ராக்கெட் தென் பசிபிக் கடலுக்கு மேலே போகும்போது அதைக் கவனிக்க நாளந்தா, யமுனா என்று இரண்டு கப்பல்கள் போயிருந்தன. அந்தக் கடலில் வானிலை மோசமாகி, நாளந்தா போய்ச்சேரத் தாமதமாயிற்று. எங்கோ பீஜித் தீவுப் பக்கம் அடித்த காற்றுக்காக ஸ்ரீஹரிகோட்டாவில் தேதியை மாற்றினார்கள். நவம்பர் 19-ந் தேதிக்குள் விடவேண்டும்; தவறினால் பூமியும் செவ்வாயும் மறுபடி தோதாக அமைய இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். அப்படியிருந்தும் அவசரப்படவில்லை.

கடைசியில் என்றைக்கு விட்டார்கள் தெரியுமா? நவம்பர் 5-ந் தேதி, செவ்வாய்க்கிழமை! செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் ஆகாது என்கிறீர்களே, செவ்வாய் தோஷம் என்று சொல்லி எத்தனை பெண்களை வீட்டிலேயே உட்காரவைத்திருக்கிறீர்களே, அந்தச் செவ்வாய்க்கே செவ்வாய்க்கிழமையில் கிளம்பியது 2014 செப்டம்பர் 24-ந் தேதி சுகமாகப் போய்ச்சேர்ந்தது. தோஷம் எங்கே போயிற்று?

இன்னொன்று சொல்கிறேன். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக 2023 அக்டோபர் 21-ந் தேதி ஒரு சோதனை ராக்கெட் விட்டார்கள். ஆபத்து வந்தால் ஆட்கள் தப்புகிற வழி சரியாக இருக்கிறதா என்று ஆளில்லாமல் பார்க்கிற சோதனை. காலை 8 மணிக்கு விடுவதாக ஏற்பாடு. வானிலை சரியில்லை, 8-30 என்றார்கள், பிறகு 8-45 என்றார்கள். கிளம்ப 5 வினாடி இருக்கையில் ஏதோ கோளாறு என்று கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டு திருத்தி, 10 மணிக்கு விட்டார்கள். அன்று சனிக்கிழமை. பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள்: சனிக்கிழமை ராகுகாலம் 9 முதல் 10-30 வரை! நட்ட நடு ராகுகாலத்தில் கிளம்பிய அந்தச் சோதனை வெற்றியாய் முடிந்தது.

“ராக்கெட் விடுகிறவர்களே அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் கும்பிடுகிறார்களே” என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். வாஸ்தவம்தான். கும்பிடட்டும். ஆனால் கும்பிட்டாயிற்று என்று எவராவது பலூன் விடாமல் இருந்தார்களா? மின்னல் அடிக்கும்போது, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று பொத்தானை அமுக்கினார்களா? இல்லையே! காரியத்தை முடிவு செய்வது அளவும் கணக்கும்தான் என்பது அவர்களுக்கே தெரிகிறது.

வானிலைக்காரர் சொல்வது எப்போதும் பலிக்கிறதா என்றும் கேட்பீர்கள். பலிப்பதில்லை. 2024 நவம்பரில் பெஞ்சல் புயலைப் பற்றி, புயலாகும் என்றும், ஆகாது என்றும், மறுபடி ஆகும் என்றும் மாற்றிச் சொல்ல நேர்ந்தது. 30-ந் தேதி புதுச்சேரிப் பக்கம் அது கரை கடந்தது. ஆனால் தப்பு என்று தெரிந்ததும் வெளிப்படையாய்த் திருத்திச் சொன்னார்கள். உங்கள் ஜோசியர் என்றைக்காவது, “நேற்றுச் சொன்னது பிசகு, இன்று மாற்றிக்கொள்ளுங்கள்” என்று வீடு தேடி வந்து சொன்னதுண்டா?

நிற்க, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாள் குறித்தாயிற்று, முகூர்த்தம் தப்பக்கூடாது என்று புயல் மழையில் பந்தல் போட்டு, கிழவர்களையும் குழந்தைகளையும் வண்டியேற்றிக்கொண்டு போகிறோமே, அந்தப் பிடிவாதம் எதற்கு? அத்தனை கோடி ரூபாய்ச் சாமானை வைத்திருக்கிறவர்கள் “இன்று வேண்டாம்” என்கிறார்கள். நமக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று. சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு. ராக்கெட்டைத் தள்ளிவைத்தால் அங்கே வேலை செய்கிறவருக்குச் சம்பளம் நிற்பதில்லை. கூண்டு ஏற்றிவிட்டார்கள், கடலுக்குப் போகாதே என்றால் மாமல்லபுரத்து மீனவருக்கு அன்றைய அடுப்பு எரியாது. ராக்கெட்டுக்குக் கொட்டகை இருக்கிறது; கரையோரத்துக் குடிசைக்கு என்ன இருக்கிறது? மீன்பிடித் தடைக் காலத்துக்குச் சர்க்கார் உதவித் தொகை தருகிறது, நல்ல காரியம். புயல் எச்சரிக்கையை மதித்துக் கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளுக்கும் அதுபோல் கூலி கொடுக்கவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். பசித்தவனைப் பார்த்து “எச்சரிக்கையைக் கேளடா” என்று புத்தி சொன்னால் மாத்திரம் போதாது. அவன் அதைக் கேட்கும்படியான நிலைமையை உண்டாக்கித் தரவேண்டும்.

ஆகவே தோழர்களே, நல்ல நேரம் என்பது ஏட்டில் எழுதிவைத்திருப்பதல்ல. காற்றை அளந்து, மேகத்தைப் பார்த்து, ஆபத்தை எண்ணி, மனிதன் தன் அறிவால் கண்டுபிடிப்பதே நல்ல நேரம். அப்படிக் கண்டுபிடித்த நல்ல நேரம் விஞ்ஞானிக்கும் மீனவருக்கும் ஒன்றுபோல் பயன்படவேண்டும். நான் சொன்னதில் பிசகு இருந்தால் தள்ளிவிடுங்கள். சரியென்று பட்டால் அடுத்த புயல் வருமுன்பே உங்கள் வீட்டில் பேசுங்கள்.