நமது வரைபடம் நமது கையில்

(சங்கத்து இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணனியில் வரைபடம் வரைவதற்குரிய இலவச மென்பொருளை நிறுவுவது எப்படி, நிறுவும்போது தடங்கல் வந்தால் அதைக் களைவது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இஃது இயந்திர விடயந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். வன்னி மக்களாகிய நமக்கு இதிலே வாழ்க்கைக் காரியமும் அடங்கியிருக்கின்றது.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின், வீடும் பாடசாலையும் மதகும் வீதியும் இங்கே மீண்டும் கட்டப்பட வேண்டியிருந்தன. கட்டுவதற்கு முன் வரைபடம் வேண்டுமல்லவா? இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இருக்கின்றது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வரையக் கற்கும் பிள்ளைகள் நம்மிடையே பெருகி வருகின்றனர். அவர்கள் எதைக் கொண்டு வரைகின்றனர் என்பதே கேள்வி.

1982இல் வெளிவந்த ஓட்டோகாட் உலகப் பிரசித்தி பெற்றது. மாணவருக்கு அதனை விலையின்றித் தருகின்றார்கள். ஆனால் அவ்வுரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. படிப்புக்கு மாத்திரம் உரியது. படிப்பு முடிந்து தொழிலுக்கு இறங்கும் நாளில், காசு இல்லாதவன் பூட்டு உடைத்த பிரதியை நாடுகின்றான். அது பிறர் பொருளைக் கவர்வதாகும். அன்றியும், அத்தகைய பிரதியோடு வைரசும் உட்புகுந்து, நாம் வரைந்தவற்றையே அழித்துவிடக்கூடும்.

நேரான வழி ஒன்று உண்டு. றிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் 1983இல் தொடங்கிய சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் வழியிலே, பிரீகாட், லிப்ரேகாட் என்னும் மென்பொருள்கள் நமக்குக் கிடைக்கின்றன. பிரீகாட், பல நாட்டவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடி உழைத்ததன் பயனாக, 2024 நவம்பரில் 1.0 என்னும் நிலையை அடைந்தது. இவற்றை ஒருவர் பெற்றுப் பத்துப் பேருக்குப் பிரதி செய்து கொடுக்கலாம். சட்டமே அதற்கு இடந்தருகின்றது. இணைய வசதி குறைந்த கிராமங்களுக்கு இஃது எத்துணைப் பெரிய வாய்ப்பு!

தட்டையான வீட்டுப் படம் வரைய லிப்ரேகாட் போதும். பழைய கணனியிலும் இலகுவாக ஓடும். முப்பரிமாண உருவம் அமைக்கப் பிரீகாட் வேண்டும். அதற்கு 64 பிற் கணனியும் இயங்குதளமும் அவசியம்.

இனித் தடங்கல்களுக்கு வருவோம். வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கமக்காரன் குளக்கட்டை வெட்டுவானா? துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, அடைப்பு எங்கே என்று பார்ப்பான். நம்மவர் பலரோ, மென்பொருள் திறக்கவில்லையென்றதும் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் மீண்டும் நிறுவுகின்றனர். கணனி காட்டும் பிழைச் செய்தியை முதலில் வாசியுங்கள், எழுதி வையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பாருங்கள்.

முதலாவது, கோப்பு. கைத்தொலைபேசி இணைப்பில் பெரிய கோப்பை இறக்கும்போது அது இடையிலே அறுந்திருக்கலாம். மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே பெற்று, அங்கே தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் ஒத்துவராவிடின் மீண்டும் இறக்க வேண்டியதே.

இரண்டாவது, அனுமதி. லினக்ஸ் கணனிக்கு ‘அப்இமேஜ்’ என்னும் கோப்பாகப் பிரீகாட் கிடைக்கும். அதன் பண்புகளுக்குச் சென்று இயக்க அனுமதி கொடுத்தாலன்றி அது அசையாது.

மூன்றாவது, திரை. மென்பொருள் திறந்தும் படம் வரும் இடம் கறுத்துக் கிடந்தால், அல்லது திறந்தவுடன் மூடிக்கொண்டால், பெரும்பாலும் குற்றம் கிறாபிக்ஸ் சாரதியிலே இருக்கும். அதனைப் புதுப்பித்துப் பாருங்கள்.

நான்காவது, அமைப்புகள். நேற்றுவரை ஓடிய பிரீகாட் இன்று திறக்க மறுத்தால், ‘யூசர்.சிஎப்ஜி’ என்னும் கோப்பைத் தேடி அதன் பெயரை மாற்றிவிடுங்கள், அழிக்க வேண்டாம். அடுத்த முறை திறக்கையில் மென்பொருள் தானே புதியதொன்றை ஆக்கிக்கொள்ளும்.

ஐந்தாவது, வரைபடம். பிறர் அனுப்பும் டீ.டபிள்யூ.ஜீ. கோப்பைத் திறப்பதற்குப் பிரீகாட்டுக்கு வேறொரு மாற்றி தேவை, ஓ.டீ.ஏ. என்னும் அமைப்பு அதனை விலையின்றித் தருகின்றது. அனுப்புபவரிடம் டீ.எக்ஸ்.எப். வடிவில் கேட்டுப் பெறுவது அதனினும் எளிது. ஆயினும் அலகைக் கவனியுங்கள். 30 அடி நீளமான வீடு அங்குலத்தில் 360 ஆகும். அந்த 360ஐக் கணனி மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொண்டால், வீடு ஒரு முழத்துக்கும் குறைந்துவிடும்! 25.4 மடங்கு பெருக்கினால் வீடு பழைய அளவுக்கு வரும். கவனியாது அச்சிட்டுக் கொடுத்தாலோ, மேசனுக்கும் வீட்டுக்காரருக்கும் வீண் நட்டமே.

மின்சாரம் திடீரென நின்றுபோவதும் நாம் அறிந்ததே. பிரீகாட் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுக்கும்படி அமைந்துள்ளது. அந்தக் காலத்தை 5 நிமிடமாகக் குறைத்து வைத்தல் நன்று.

சகோதரர்களே! யுத்தத்தில் உறுதிகளையும் படங்களையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. கடதாசி எரிந்தது போல, உரிமம் முடிந்த நாளில் கணனிப் படமும் நம் கையை விட்டுப் போகலாமா? நாம் வரைந்ததை இருபது ஆண்டுகளின் பின்னும், எவரிடமும் அனுமதி கேளாது, நாமே திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். நமது வாசிகசாலைக் கணனிகளில் இவ்விரு மென்பொருள்களையும் நிறுவுவோம். பக்கத்திலே ஒரு கொப்பியை வைத்து, என்ன பிழை வந்தது, எவ்வாறு தீர்ந்தது என்று ஒவ்வொருவரும் எழுதி வைப்போம். நமக்குப் பின் வரும் தம்பி தங்கையர் அந்தக் கொப்பியிலிருந்து தொடங்குவார்கள்.