அரியூர் நாட்டுக்குப் போன ஸ்க்ரிப்ட்: எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து ஒரு மதிப்பை எடுப்பது

போன பகுதியில் ஷெல் ஸ்க்ரிப்ட் மாறிகளைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்: "செட்டிங்ஸ் எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில இருக்கு. அதிலிருந்து ஒரே ஒரு மதிப்பை மட்டும் எப்படி எடுக்கிறது?" பதில் ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சிடும். ஆனா நான் அதைத் தப்பாச் செய்து மாட்டிக்கிட்ட கதையோட சொன்னாத்தான் மனசில நிக்கும்.

கொல்லிமலையில் அரியூர் நாடு. அங்கே ஒரு மகளிர் குழு சாமை, திணை, மிளகு, மஞ்சள் எல்லாம் பொட்டலம் போட்டு விக்கிறாங்க. அவங்களுக்கு யாரோ கொடுத்த ஐந்து பழைய மடிக்கணினிகள் வந்திருந்தன. லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். லேபிளும் கணக்கும் தமிழில் அடிக்கணும், அதுக்குத் தமிழ்99 விசைப்பலகை வேணும். மேலே நெட் சரியா வராது. அதனால எல்லா மெஷினிலும் ஓடுற மாதிரி ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி பென்டிரைவில் எடுத்துட்டுப் போறதா திட்டம்.

லினக்ஸில் விசைப்பலகைகளின் பட்டியல் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கு. ஈவிடெவ் டாட் எக்ஸ்எம்எல். யுஎஸ்ஆர், ஷேர், எக்ஸ்11, எக்ஸ்கேபி, ரூல்ஸ்னு உள்ளே போனா கிடைக்கும். அதில் லேஅவுட்னு ஒரு டேக். இந்தியாவுக்கு 'இன்', இலங்கைக்கு 'எல்கே'. ஒவ்வொரு லேஅவுட்டுக்கு உள்ளேயும் வேரியன்ட் பட்டியல். ஒவ்வொரு வேரியன்ட்டிலும் நேம்னு ஒரு டேக் இருக்கும், அது மெஷினுக்கான குறியீட்டுப் பெயர். டிஸ்கிரிப்ஷன்னு இன்னொண்ணு, அது மனுஷங்க படிக்க. எனக்குத் தெரிஞ்சது டிஸ்கிரிப்ஷன்: "தமிழ், தமிழ்நெட் 99". வேண்டியது நேம்.

நம்ம எல்லாருக்கும் முதல்ல கை போறது கிரெப்புக்குத்தான். எனக்கும் போச்சு. தமிழ்நெட் 99னு தேடினேன். டிஸ்கிரிப்ஷன் வரி வந்தது, ஆனா நேம் அதுக்கு மேலே இருக்கு. ஹைஃபன் பெரிய பி 1 போட்டு முந்தைய வரியைக் கேட்டேன், 'டிஏ'ன்னு சுருக்கப் பெயர் வந்தது. 2 போட்டா நடுவில யாரோ எழுதி வச்ச கமென்ட் வரி. 3 போட்டதும்தான் நேம் வந்தது. ஆஹா, மூணு வரி மேலேன்னு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு யாராவது அந்தக் கமென்ட்டை நீக்கிட்டா என்ன ஆகும்னு யோசிக்கவே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், விடை ஒண்ணு இல்லை, பல. இந்தியாவுக்குக் கீழேயே நாலு: சாதாரணத் தமிழ்நெட் 99, தமிழ் எண்களோட ஒண்ணு, டேப் குறியாக்கத்துக்கு ஒண்ணு, டிஸ்கி குறியாக்கத்துக்கு ஒண்ணு. இலங்கைக்குக் கீழே வேற இருக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகைதான் தமிழ்99. டேப், டிஸ்கி ரெண்டும் யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி புழங்கிய குறியாக்கங்கள். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தாச்சு. ஆனா பழைய வேரியன்ட்டுகள் கோப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கு.

கிரெப் கொடுத்த விடையில் எது இந்தியா, எது இலங்கைன்னு தெரியாது. ஏன்னா கிரெப் பார்க்கிறது வரியை மட்டும். அந்த வரி எந்த டேக்குக்கு உள்ளே இருக்குன்னு அதுக்குத் தெரியாது. கொல்லிமலையில ஒரு ஊர் பேரைச் சொன்னா, "எந்த நாடு?"ன்னு கேட்பாங்க. அரியூர் நாடா, வளப்பூர் நாடா, தின்னனூர் நாடா? எக்ஸ்எம்எல்லும் அப்படித்தான். நேம்ங்கிற டேக் அந்தக் கோப்பில் நூத்துக்கணக்கில் இருக்கு. மேலே எந்த நாடுன்னு சேர்த்துச் சொன்னாத்தான் அது ஒரு முகவரி.

அப்போ எனக்கு அந்தப் புத்தி வரலை. செட் கட்டளையை வச்சு, 'இன்' வர்ற வரியிலிருந்து லேஅவுட் மூடுற வரி வரைக்கும் வெட்டி எடுத்தேன். இலங்கை ஒழிஞ்சது. மீதி நாலையும் ஒரு வைல் லூப்பில் விட்டு, நேமை ஒரு மாறியில் போட்டேன். போன பகுதியைக் கேட்டவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. லூப் சுத்தச் சுத்த மாறியில் புது மதிப்பு பழசை அழிச்சுட்டே போகும். கடைசியில நின்னது டிஸ்கி.

வீட்டில் சோதிச்சப்போ தமிழ் அழகா வந்தது. காரணம், என் மடிக்கணினியில் ஐபஸ் வழியா ஏற்கெனவே தமிழ் இருந்தது. ஸ்க்ரிப்ட் தூங்கிட்டு இருந்திருக்கு, நான்தான் அது வேலை செய்யுதுன்னு நம்பிட்டேன்.

மேலே போய் ஐந்திலும் ஓட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரலை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு எழுத்துகூட அடிச்சுப் பார்க்காம கிளம்பிட்டேன். மறுநாள் காலையில கணக்கு பார்க்கிற பொண்ணு போன் பண்ணாங்க. "அண்ணா, தமிழே வரல. தலையில கோடு போட்ட இங்கிலீஷ் எழுத்தா வருது. நாளைக்கு லேபிள் அச்சுக்குக் கொடுக்கணும்." லேபிள் இல்லைன்னா அந்த வாரம் சரக்கு கீழே இறங்காது. நான் திரும்பப் போகணும்னா காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு.

நல்லவேளை, ஆங்கில லேஅவுட்டை முதல்ல வச்சிருந்தேன். டெர்மினலைத் திறக்கச் சொல்லி, போனிலேயே எழுத்தெழுத்தாச் சொன்னேன். செட்எக்ஸ்கேபிமேப், ஹைஃபன் லேஅவுட், யுஎஸ் கமா இன். ஹைஃபன் வேரியன்ட், கமா, டாம் அண்டர்ஸ்கோர் தமிழ்நெட். அந்த முதல் கமாவை விட்டா வேரியன்ட் ஆங்கிலத்துக்குப் போயிடும். அவங்க விட்டாங்க, மறுபடி அடிச்சாங்க, வந்தது. ஐந்து மெஷினுக்கும் அரை மணி நேரம்.

அன்னைக்கு ராத்திரியே ஸ்க்ரிப்ட்டைத் திருத்தி எழுதினேன். இந்தத் தடவை எக்ஸ்பாத். எக்ஸ்எம்எல்லின்ட் கட்டளை, ஹைஃபன் ஹைஃபன் எக்ஸ்பாத். பாதை இப்படி: ரெண்டு சாய்கோடு, லேஅவுட், சதுர அடைப்புக்குள் 'கான்ஃபிக்ஐட்டம் சாய்கோடு நேம் சமம் இன்'. அடுத்து வேரியன்ட்லிஸ்ட், வேரியன்ட், கான்ஃபிக்ஐட்டம். திரும்ப சதுர அடைப்பு, உள்ளே டிஸ்கிரிப்ஷன் முழுசா இதுக்குச் சமம். கடைசியில் நேம். வரி எண்ணிக்கையும் வேண்டாம், கமென்ட் பத்தின கவலையும் வேண்டாம்.

ரெண்டு முள் இருக்கு. ஒண்ணு, டிஸ்கிரிப்ஷனில் 99-க்கு முன்னாடி ஒற்றை மேற்கோள் இருக்கு. பாதையை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டா ஷெல் நடுவிலேயே முடிச்சிடும். முழுப் பாதைக்கும் இரட்டை மேற்கோள் போட்டு, உள்ளே வர்ற இரட்டை மேற்கோளுக்கு முன்னாடி பின்சாய்கோடு போடுங்க. இன்னொண்ணு, பாதையைச் சுத்தி 'ஸ்ட்ரிங்'னு போட்டா மதிப்பு சுத்தமா வரும். ஆனா எதுவும் கிடைக்கலைன்னாலும் காலி மதிப்பைக் கொடுத்துட்டு வெற்றின்னு சொல்லிடும். அதனால முதல்ல அதே பாதைக்கு 'கவுன்ட்' கேளுங்க. விடை 1 இல்லைன்னா ஸ்க்ரிப்ட் அங்கேயே நிக்கணும். பழைய வெளியீடுகளில் இந்த டிஸ்கிரிப்ஷன் வேற மாதிரி இருக்கும், அப்போ 0 வரும். நின்னா நல்லதுதான்.

எக்ஸ்எம்எல்லின்ட் இல்லாத மெஷினில் பைத்தான் 3 இருந்தாப் போதும். அதோட கூடவே வர்ற எலிமென்ட்ட்ரீ இந்த வேலையைச் செய்யும், நெட் தேவையில்லை. உங்க கோப்பின் முதல் டேக்கில் எக்ஸ்எம்எல்என்எஸ் இருந்தா மட்டும் இந்தப் பாதை வெறுங்கையோட திரும்பும். அது நேம்ஸ்பேஸ் விவகாரம், தனியா ஒரு பகுதியே வேணும்.

அடுத்த வாரம் புது ஸ்க்ரிப்ட்டோட மேலே போனேன். ஓட்டினேன், ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து அடிச்சும் பார்த்தேன். அந்தப் பொண்ணு பக்கத்தில் வந்து, "அண்ணா, மஞ்சள்னு அடிச்சா மஞசள்னு வருது, ஞ-வுக்குப் புள்ளி விழ மாட்டேங்குது"ன்னாங்க. அவங்க படிச்ச இடத்தில் புள்ளி தானா விழுமாம். தமிழ்99-இன் விதியும் அதுதான். ஆனா எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஒரு எழுத்துன்னு மட்டுமே பார்க்கும், முன்னாடி அடிச்ச எழுத்தை நினைவில் வச்சுக்காது. அதுக்கு ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் வேணும். டவுன்லோட் பண்ண கீழே இறங்கணும். அது வரைக்கும் புள்ளிக்கு எஃப் விசையைக் காட்டிட்டு வந்தேன்.